ஐ7 ஸ்டிக்கர் சொல்லாதது: கையைக் கடிக்காமல் பிராசசர் வாங்குவது எப்படி?

புதுக் கணினி வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஐ5 போதுமா, இல்ல ஐ7 போயிடலாமா?" ஐ5, ஐ7 என்பவை கணினியின் மூளையான பிராசசருக்கு இன்டெல் நிறுவனம் வைத்த ரகப் பெயர்கள். என்ன வேலைக்கு, எத்தனை வருஷத்துக்கு, மீதிப் பணத்தில் வேறு என்னென்ன வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சில சமயம் அது பேச்சிலேயே வராது. நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "இப்ப இருக்கிற கணினியில எந்த இடத்துல காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

பதில் பாதி நேரம் பிராசசர் பக்கமே வராது. ஆன் செய்தால் எழுந்து வர மூன்று நிமிஷம் ஆகிறது என்பார்கள். அது ஹார்ட் டிஸ்க்கின் கோளாறு. சுழலும் தட்டில் ஒரு கோப்பைத் தேடிப் பிடிக்க 10 மில்லி விநாடி ஆகும் இடத்தில், சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கு 0.1 மில்லி விநாடி ஆகும். விண்டோஸ் துவங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள் நடக்கின்றன. பிரவுசரில் இருபது டேப் திறந்தால் திணறுகிறது என்பார்கள். அது அநேகமாக ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம், பற்றாமல் போனது. இந்த இரண்டுக்கும் எவ்வளவு விலை உயர்ந்த பிராசசரைப் போட்டாலும் தீர்வு கிடைக்காது. பிராசசரும் சேர்ந்து காத்திருக்கும், அவ்வளவுதான்.

சரி, உண்மையிலேயே பிராசசரைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கைவிட வேண்டியது ஸ்டிக்கர் மேல் உள்ள நம்பிக்கையை.

2017ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜனவரியில் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-7500இல் நான்கு கோர், நான்கு த்ரெட். கோர் என்பது சில்லுக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி, த்ரெட் என்பது ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை. அதே ஆண்டு அக்டோபரில் கோர் ஐ3-8100 வந்தது. அதிலும் நான்கு கோர், நான்கு த்ரெட்! ஜனவரியில் ஐ5 என்று வாங்கியவர் கையில் இருந்தது, ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய ஐ3 ஆகிவிட்டது. இடையில் மார்ச் மாதம் இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டி தன் முதல் ரைசன் பிராசசர்களை எட்டு கோருடன் இறக்கியிருந்தது. பத்து வருஷமாக சாதாரண வாடிக்கையாளருக்கு நான்கு கோர்தான் உச்சம் என்றிருந்த சந்தை, அந்த ஓராண்டில் ஆட்டம் கண்டது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அப்போது மடிக்கணினிகளில் ஒட்டப்பட்டிருந்த ஐ7 ஸ்டிக்கர்களில் ஒன்று ஐ7-7500யு. அதில் இரண்டே இரண்டு கோர். மேஜைக் கணினியின் ஐ3, மடிக்கணினியின் ஐ7ஐ விடக் கூடுதல் கோர் வைத்திருந்த காலம் அது. ஸ்டிக்கரில் பொய் ஒன்றும் இல்லை. அந்த எண் அந்தந்தத் தலைமுறைக்கும் அந்தந்த வகைக்கும் உள்ளே போடப்பட்ட தரவரிசை. வெளியே கொண்டுவந்து வேறொன்றோடு ஒப்பிட அதில் எதுவும் இல்லை.

ஏஎம்டியும் சளைத்ததில்லை. அவர்களது 7000 வரிசை மடிக்கணினிச் சில்லுகளில் ரைசன் 5 7520யு, 7530யு, 7640யு மூன்றையும் பாருங்கள். மூன்றும் ரைசன் 5, மூன்றும் "ஏழாயிரம்". ஆனால் முதலாவதில் இருப்பது 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, அதுவும் நான்கு கோர். இரண்டாவதில் ஜென் 3, மூன்றாவதில் ஜென் 4. எண்ணின் மூன்றாவது இலக்கம்தான் குட்டை உடைக்கிறது: 2, 3, 4. முதல் இலக்கம் சொல்வது வெறும் வெளியான ஆண்டுக் கணக்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் 7520யுவையும் 7640யுவையும் விலைக்காக மட்டும் ஒப்பிட்டால், இரண்டு தலைமுறை வித்தியாசம் கண்ணில் படாமலே போய்விடும்.

அடுத்த மயக்கம் கிகாஹெர்ட்ஸ், அதாவது சில்லின் கடிகாரம் நொடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்ற கணக்கு. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் இன்டெல்லின் பென்டியம் 4 கடிகார வேகத்தை மட்டுமே துரத்திக்கொண்டு ஓடியது. 2004இல் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அடுத்து 4 கிகாஹெர்ட்ஸ் என்று அறிவித்திருந்ததை அந்த ஆண்டே கைவிட்டார்கள். வேகத்தைக் கூட்டக் கூட்டச் சில்லு கொதித்தது, மின்சாரம் குடித்தது. 2006இல் வந்த கோர் 2 டியோ இ6600 ஓடியது 2.4 கிகாஹெர்ட்ஸில். ஆனால் பென்டியம் 4ஐ ஒரு கோருக்கு ஒரு கோர் வைத்துப் பார்த்தாலே அது முந்தியது. ஒரு துடிப்புக்கு எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அந்த வடிவமைப்பு மாற்றியிருந்தது. இன்றைக்கும் அதே கதைதான். ஒரே வடிவமைப்பைச் சேர்ந்த இரண்டு சில்லுகளை ஒப்பிடத்தான் கிகாஹெர்ட்ஸ் உதவும். 2012ஆம் ஆண்டின் 3.5 கிகாஹெர்ட்ஸும் 2022ஆம் ஆண்டின் 3.5 கிகாஹெர்ட்ஸும் ஒன்றல்ல.

கடிகாரத்தைக் கூட்ட முடியாமல் போனபோது எல்லோரும் கோர்களைக் கூட்டத் தொடங்கினார்கள். பட்ஜெட்டில் வாங்குபவர் இங்கேதான் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் அதிகக் காசு வீணாவது இந்த இடத்தில்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிகல் பிராசசர்களாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எட்டு த்ரெட் உள்ள கணினி என்றால் எட்டுக் குட்டிக் கட்டங்கள் வரும். இப்போது உங்களைப் படுத்தும் அந்த வேலையைத் தொடங்குங்கள். கனமான ஒரு எக்செல் மேக்ரோவோ, பழைய கணக்கு மென்பொருளோ, ஏதோ ஒன்று. மேலே மொத்தப் பயன்பாடு 13 சதவீதம் என்று காட்டும். கணினியோ ஆமை வேகத்தில் நகரும். முதல்முறை இதைப் பார்த்தபோது நான் கணினியைத்தான் சந்தேகப்பட்டேன். கட்டங்களைக் கவனித்தால் புரிந்துவிடும்: வேலை ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், ஆனால் எந்த நொடியிலும் ஒரு த்ரெட் அளவுக்கு மேல் ஓடாது. எட்டில் ஒன்று என்பது 12.5 சதவீதம். அந்த மென்பொருளுக்கு ஒரு கோரைத் தவிர மற்றதைப் பயன்படுத்தத் தெரியாது. பதினாறு கோர் வாங்கி வைத்தாலும் அது ஒன்றில்தான் உட்காரும்.

இதற்குக் கணக்கு போட்டுக் காட்டியவர் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால், 1967இலேயே. ஒரு வேலையில் பாதியை மட்டும்தான் பங்கு பிரிக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கோர் போட்டால் வேகம் 1.6 மடங்கு. எட்டு போட்டால் 1.78. பதினாறு போட்டால் 1.88. கோர்களை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனாலும் இரண்டு மடங்கைத் தாண்டாது, ஏனென்றால் பிரிக்க முடியாத மறுபாதி அப்படியே நிற்கிறது. அதுவே 90 சதவீதம் பிரிக்கக்கூடிய வேலை என்றால், எட்டு கோரில் 4.7 மடங்கும் பதினாறில் 6.4 மடங்கும் கிடைக்கும். வீடியோ சுருக்குவது, முப்பரிமாண ரெண்டரிங், பெரிய நிரல்தொகுப்பைக் கம்பைல் செய்வது ஆகியவை இந்த இரண்டாம் வகை. கடிதம் தட்டுவது, இணையம் பார்ப்பது, பாடம் படிப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் முதல் வகைக்குப் பக்கத்தில். முதல் வகை ஆட்களுக்கு, இரண்டாம் வகை ஆட்களுக்கான சில்லு விற்கப்படுவதுதான் அன்றாடம் நடக்கிறது.

ஆகவே என் கணிப்பு இது: அலுவலக வேலை, படிப்பு, இணையம், படம் பார்ப்பது என்று இருக்கிறவருக்கு இன்றைய நான்கு நல்ல கோர் போதும். 2022 தொடக்கத்தில் வந்த கோர் ஐ3-12100 நான்கு கோர், எட்டு த்ரெட் கொண்டது. ஒற்றை த்ரெட் வேலையில் அது பல பழைய ஐ7களைத் தாண்டும். விளையாட்டு, கொஞ்சம் வீடியோ வெட்டல், நிரல் எழுதுவது என்று கலந்து செய்கிறவருக்கு ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட்: ஐ5-12400 அல்லது ரைசன் 5 5600 ரகம். தினமும் வீடியோ ரெண்டர் செய்துதான் பிழைப்பு என்பவர் மட்டும் அதற்கு மேலே பார்க்கட்டும். அவருக்குப் பிராசசர் செலவு நேரமாகத் திரும்பி வரும்.

ரொம்பக் கீழே, இன்டெல் என்100 என்ற சில்லு சின்னப் பெட்டிக் கணினிகளில் பரவலாக வருகிறது. நான்கு கோர்தான், ஆனால் நான்குமே மின்சாரத்தைச் சேமிக்கும் சிறு கோர்கள். வடிவமைப்பு மின்தேவை வெறும் 6 வாட். நினைவகத்துக்கு ஒரே ஒரு பாதை. படம் பார்க்கவும் மின்னஞ்சல் அனுப்பவும் அழகாக ஓடும். அதை "நாலு கோர்" என்று மேலே சொன்ன ஐ3யோடு ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. கோர் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே எடை கிடையாது. இன்டெல் 12ஆம் தலைமுறையிலிருந்து ஒரே சில்லில் பெரிய கோர், சிறிய கோர் இரண்டையும் கலந்து தரத் தொடங்கியிருக்கிறது. ஐ5-13400இல் பத்து கோர் என்று போட்டிருக்கும். அதில் ஆறு பெரியது, நான்கு சிறியது.

விளம்பரத்தில் யாரும் பேசாத ஒன்று கேஷ். பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம். மேஜை மேல் விரித்து வைத்த புத்தகத்தைப் பார்ப்பதற்கும், எழுந்து போய் நூலகத்தில் தேடி எடுத்து வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது. கோருக்கு மிக அருகில் உள்ள முதல் நிலைக் கேஷிலிருந்து தகவல் வர நான்கைந்து துடிப்பு ஆகும். ரேமிலிருந்து வர ஏறக்குறைய 70 முதல் 100 நானோ விநாடி ஆகும், அதாவது 4 கிகாஹெர்ட்ஸில் முந்நூறு நானூறு துடிப்புகள். அவ்வளவு நேரமும் கோர் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 2022இல் ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டியை வெளியிட்டபோது செய்தது இதை மட்டும்தான்: ஏற்கெனவே இருந்த 5800எக்ஸின் எட்டு கோருக்கு மேல் கூடுதல் கேஷை அடுக்கி, 32 எம்பியை 96 எம்பி ஆக்கினார்கள். உச்ச வேகம் 4.7இலிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைந்தது. அப்படியும் பல விளையாட்டுகளில் பழையதைத் தெளிவாகப் பின்னுக்குத் தள்ளியது.

பட்ஜெட் வாசகருக்கு இது எங்கே உதவும் என்றால், ரைசன் 5 5500க்கும் 5600க்கும் இடையே. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். பெயரில் நூறு வித்தியாசம், வேகத்தில் 0.2 கிகாஹெர்ட்ஸ். மேலோட்டமாகப் பார்த்தால் 5500தான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். ஆனால் 5600இல் மூன்றாம் நிலைக் கேஷ் 32 எம்பி, 5500இல் 16. உண்மையில் 5500 என்பது, திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் பகுதி உள்ள வேறொரு சில்லு, அந்த கிராஃபிக்ஸை முடக்கி விற்பது. அதனால் கிராஃபிக்ஸ் கார்டோடு பேசும் பாதையான பிசிஐஇயில் அது 3.0 பதிப்பு வரைதான் போகும். 5600 பிசிஐஇ 4.0 வரை போகும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நான்கே பாதைகளில் ஓடும் மலிவான கிராஃபிக்ஸ் கார்டை 5500உடன் இணைத்தால், ஏற்கெனவே குறுகலான வழி பாதியாகிவிடும். கிராஃபிக்ஸ் கார்டு போட்டு விளையாடும் எண்ணம் இருந்தால் 5600. கணக்கு வழக்கு மட்டும் என்றால் 5500இல் எந்தக் குறையும் தெரியாது.

முடக்கி விற்பது என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். சில்லு தயாரிப்பில் இது சகஜம். 5600இல் இருப்பதே எட்டு கோர் கொண்ட துண்டுதான், இரண்டு கோரை அணைத்திருக்கிறார்கள். வார்ப்பில் குறை விழுந்த பாகத்தை மூடிவிட்டு, மீதியை முழு உத்தரவாதத்துடன் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். மலிவுச் சில்லுகள் கிடைப்பதே பெரும்பாலும் இந்த வழியில்.

இன்டெல் பெயர்களின் கடைசியில் வரும் எஃப் எழுத்தும் இதே ரகம்: உள்ளே கிராஃபிக்ஸ் வேலை செய்யாது. 12400எஃப் கொஞ்சம் மலிவு. ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் அதைப் பொருத்தினால் திரையில் ஒன்றுமே வராது. பாகங்கள் எல்லாம் பொருந்தும் பலகையான மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே என்று கேபிளைச் செருகி, மானிட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தவர்கள் உண்டு. ரைசன் 5 5600, 5500 இரண்டுக்கும் இதே கதிதான். அந்த வரிசையில் பெயரில் ஜி எழுத்து உள்ளவற்றில்தான் படம் வரும். தனி கார்டு வாங்கும் திட்டம் இல்லாதவர் எஃப் பக்கம் போகவே வேண்டாம். பிற்பாடு கார்டு பழுதானாலும் உள்ளே கிராஃபிக்ஸ் உள்ள சில்லு கைகொடுக்கும்.

உள்ளிணைந்த கிராஃபிக்ஸிலும் ஒரு நுணுக்கம். இணையத்தில் இப்போது ஏவி1 என்ற முறையில் சுருக்கப்பட்ட வீடியோக்கள் பெருகிவருகின்றன. இன்டெல் 12ஆம் தலைமுறையின் சாதாரண கிராஃபிக்ஸ் இதை வன்பொருளிலேயே விரிக்கும். விளையாட்டில் அதைவிட வலுவான ரைசன் 5 5600ஜியின் கிராஃபிக்ஸுக்கு அந்த வசதி இல்லை, கோர்கள்தான் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். நாள் முழுக்கக் காணொளி ஓடும் கணினிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கிராஃபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே இருக்கும்போது அதற்கென்று தனி நினைவகம் கிடையாது, ரேமையே பங்கு போட்டுக்கொள்ளும். இங்கேதான் பலர் ஒரே ஒரு ரேம் குச்சியை மட்டும் போட்டு ஏமாறுகிறார்கள். டிடிஆர்4-3200 ரேம் ஒரு பாதையில் நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு குச்சியை இரண்டு பாதையில் போட்டால் 51.2. 16 ஜிபி ஒற்றைக் குச்சியும், இரண்டு 8 ஜிபி குச்சிகளும் கொள்ளளவில் ஒன்றுதான், ஆனால் உள்ளிணைந்த கிராஃபிக்ஸில் விளையாடும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அடுத்த நிலைப் பிராசசருக்குக் கொடுக்கும் காசைவிட இரண்டாவது குச்சிக்குக் கொடுக்கும் காசு இங்கே அதிகம் உழைக்கும்.

விளையாட்டுக்காக வாங்குபவர்கள் மதிப்புரைகளின் பட்டை வரைபடங்களைப் பார்த்துப் பதறுவதும் உண்டு. பிராசசர்களின் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தச் சோதனைகளைச் சந்தையிலேயே வலுவான கிராஃபிக்ஸ் கார்டை மாட்டி, குறைந்த திரைத் துல்லியத்தில் செய்கிறார்கள். சோதனை முறையாக அது சரி. ஆனால் உங்கள் பெட்டியில் இருக்கப்போவது நடுத்தரக் கார்டு. பிராசசர் நொடிக்கு 120 சட்டகம் (ஃபிரேம்) தயார் செய்து கொடுத்தாலும், கார்டால் 70தான் வரைய முடியும் என்றால் திரையில் தெரிவது 70. பிராசசரை மாற்றி 160 ஆக்கினாலும் அதே 70தான். கார்டுக்குத் தனியே ஒதுக்க வேண்டிய பணத்தைப் பிராசசரில் போட்டவர்களுக்கு இது தாமதமாகத்தான் உறைக்கும்.

அப்புறம், பிராசசர் தனியாக வருவதில்லை, ஒரு சாக்கெட்டோடு, அதாவது மதர்போர்டில் அது உட்காரும் இடத்தோடு, வருகிறது. 2017இல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் உள்ள மதர்போர்டு வாங்கிய பலர் 2022இல், மதர்போர்டைத் துவக்கும் மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்து 5000 வரிசை ரைசனைப் பொருத்த முடிந்தது. ஐந்து வருஷப் பெட்டிக்கு அது கிட்டத்தட்ட மறுபிறவி. இன்டெல்லின் எல்ஜிஏ1700, 12 முதல் 14 வரை மூன்று தலைமுறைக்குத் தாங்கியது. 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 வந்ததும் அந்த வழி மூடிவிட்டது. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் இன்னும் புதிய சில்லுகள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம் கட்டாயம். ஏஎம்4 டிடிஆர்4 மட்டும். எல்ஜிஏ1700இல் இரண்டு வகைக்கும் மதர்போர்டு உண்டு.

முன்பெல்லாம் நான் யோசிக்காமல் புதிய சாக்கெட்டையே சொல்வேன். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை தாறுமாறாக ஏறியதிலிருந்து, பழைய டிடிஆர்4 குச்சிகள் கையில் இருப்பவருக்கு என் பதில் மாறிவிட்டது. இருக்கிற ரேமை வைத்து ஏஎம்4 அல்லது டிடிஆர்4 எல்ஜிஏ1700 கட்டினால் போதும். பின்னால் மேம்படுத்தலாம் என்று சொல்லி வாங்குகிறவர்களில் பலர் மேம்படுத்துவதே இல்லை, ஒரேயடியாகப் புதுப்பெட்டி வாங்குகிறார்கள்.

வாட் கணக்கையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஐ5-12400க்கு அடிப்படை 65 வாட், உச்சத்தில் 117 வாட் வரை போகும். பெட்டியோடு வரும் விசிறி அதைச் சமாளித்துவிடும். ஐ9-14900கே 253 வாட்டுக்குப் போகும். அதற்கேற்ற குளிர்விப்பான், மதர்போர்டு, பவர் சப்ளை என்று செலவு வால் பிடித்து வரும். மடிக்கணினிகளில் கதை தலைகீழ்: மெல்லிய உடலுக்குள் சூட்டை வெளியேற்ற வழியில்லாமல், தயாரிப்பாளரே வாட்டைக் குறைத்துப் பூட்டியிருப்பார். ஒரே சில்லு இரண்டு மாடல்களில் இரண்டு வேகத்தில் ஓடும். அதனால் மடிக்கணினிக்குச் சில்லின் மதிப்புரையைப் படிப்பதில் பாதிப் பயன்தான், அந்த மாடலின் மதிப்புரையைத் தேட வேண்டும்.

பழைய சில்லு வாங்கலாமா? தாராளமாக. நகரும் பாகம் எதுவும் இல்லாததால் பிராசசர் எளிதில் தேய்வதில்லை. ஆனால் இரண்டு எல்லைகள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெல் 8ஆம் தலைமுறை, ரைசன் 2000 வரிசை தொடங்கித்தான். அதற்கு முந்தையதை லினக்ஸ் ஓட்டுபவர் மட்டும் வாங்கலாம். இன்னொன்று, இன்டெல் 13, 14ஆம் தலைமுறை மேஜைக் கணினிச் சில்லுகளில், குறிப்பாக உயர்ரகங்களில், மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலையும் கோளாறு 2024இல் உறுதியானது. சில்லுக்குள் ஓடும் கட்டுப்பாட்டு நிரலான மைக்ரோகோடைப் புதிதாக வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இன்டெல் நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சில்லை அந்த மைக்ரோகோட் குணப்படுத்தாது. யாரோ இரண்டு வருஷம் கசக்கிய ஐ9 மலிவாகக் கிடைக்கிறது என்றால் நான் கை வைக்க மாட்டேன்.

எல்லாம் முடிவாகி வண்டியில் ஏற்றும் முன்பு, மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் சிபியு ஆதரவுப் பட்டியலைத் திறந்து, நீங்கள் தேர்ந்தெடுத்த சில்லுக்கு நேரே எந்த பயாஸ் பதிப்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள். அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கிய மதர்போர்டில் அதற்கும் பழைய பதிப்பு இருக்கலாம். அப்படியானால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். பிராசசர் இல்லாமலேயே யுஎஸ்பி வழியாக பயாஸை ஏற்றும் பொத்தான் சில மதர்போர்டுகளின் பின்பக்கத்தில் உண்டு. அது இல்லாத போர்டு என்றால், விற்பவரிடமே புதுப்பித்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.